எஞ்சினின் மூச்சுக்குழல்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நாட்களில், ஒரு குளியாளின் வருமானம் அவர் ஒரே மூச்சில் எவ்வளவு காற்றை உள்ளிழுத்து அடக்க முடியும் என்பதைப் பொறுத்திருந்தது. கல்லின் பாரத்தால் முத்துப் பாருக்கு இறங்கும் அவர், சுமார் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரி வலைப்பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை அசைத்து மேலே வந்துவிட வேண்டும். கையில் வலு இருந்தும், கண்ணெதிரே சிப்பி குவிந்து கிடந்தும் பயனில்லை. மூச்சு தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. ஆனால் குளியாளுக்கு இருந்த அதே எல்லை, நம் வீதிகளில் ஓடும் ஒவ்வொரு பெட்ரோல் எஞ்சினுக்கும் உண்டு. அதன் வலிமையும் அது இழுக்கும் மூச்சின் அளவே.

இதை அறிந்த இளைஞர் சிலர், தம் காரின் மூச்சுக்குழலைப் பெரிதாக்கினால் வேகம் கூடும் என்று நினைக்கிறார்கள். காற்று நுழையும் வாயிலில் 'திராட்டில்' என்னும் உறுப்பு இருக்கிறது. அதைக் கழற்றி, வீட்டுத் திண்ணையிலேயே அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பூட்டுகிறார்கள். இதனால் பயன் உண்டா? இதற்கு விடை சொல்ல, அந்தச் சிறு கதவு எப்படிப் பிறந்தது, நம் நாட்டில் அதனோடு மல்லுக்கட்டியவர்கள் என்ன கண்டார்கள் என்பதை முதலில் பார்ப்போம்.

நெரிக்கும் கதவு

'திராட்டில்' என்பது ஆங்கிலத்தில் தொண்டை என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. கழுத்தை நெரித்தல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. குழலின் நடுவே ஒரு வட்டத் தகடு. அதன் குறுக்கே ஓர் அச்சு. அச்சு திரும்பினால் தகடு குழலை அடைக்கும் அல்லது திறக்கும். பட்டாம்பூச்சியின் சிறகுகளைப் போல் இருபுறமும் விரிவதால் இதற்குப் பட்டாம்பூச்சி வால்வு என்ற பெயரும் வந்தது.

இதற்குப் புகழ் தேடித் தந்தவர் ஜேம்ஸ் வாட். 1788-இல் அவர் தம் நீராவி எஞ்சினில் சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட வேகச் சீராக்கியைப் பொருத்தினார். எஞ்சின் வேகமாக ஓடினால் குண்டுகள் விலகி எழும். எழும்போது நீராவிக் குழாயில் உள்ள வால்வைச் சற்று மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வால்வு திறக்கும். மனிதர் கை படாமலே வேகம் ஒரே அளவில் நின்றது.

நீராவி யுகம் தூத்துக்குடிக்கும் வந்தது. 1888-இல் தொடங்கிய கோரல் மில்லின் இயந்திரங்களும், வ.உ.சிதம்பரனார் 1906-இல் நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கம் மறு ஆண்டில் கொண்டுவந்த காலியா, லாவோ என்னும் கப்பல்களும் அந்த யுகத்தின் சின்னங்கள். அந்தக் கப்பல்களுக்கு அருகிலேயே, காற்றைப் பாயில் பிடித்து ஓடும் தோணிகளும் நின்றன. தோணிக்குக் காற்று வெளியிலிருந்து தள்ளும் விசை. நீராவிக் கப்பலுக்கோ கொதிகலனின் அடுப்பை எரிய வைக்கும் பொருள். எஞ்சினின் உருளைக்குள்ளேயே காற்று நுழையும் காலம் அதற்குப் பின்னர்தான் நம் கரைக்கு வந்தது.

ஒரு லிட்டருக்கு ஒன்பதாயிரம் லிட்டர்

பெட்ரோல் எஞ்சினில் அடுப்பு வெளியே இல்லை, உருளைக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இதைக் கன அளவாக மாற்றினால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று!

ஆகவே, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூடுதலாக ஊட்டுவது எளிது. ஒரு சிறு துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும். அதற்கு ஈடான காற்றைக் கொடுப்பதுதான் கடினம். காற்றுக் கூடாமல் பெட்ரோல் மட்டும் கூடினால், எரியாத கரி புகையாகப் போகும். பணமும் புகையாகப் போகும்.

பெட்ரோலையும் காற்றையும் சரியான விகிதத்தில் கலப்பதற்குக் கைகொடுத்தது ஒரு பழைய உண்மை. ஓடும் பாய்மத்தின் வேகம் கூடும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும் என்று டேனியல் பெர்னூலி 1738-இல் எழுதினார். இத்தாலியரான வெஞ்சூரி, குறுகி விரியும் குழாய்களில் இதை ஆராய்ந்து 1797-இல் வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1893-இல், ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலைத் தூவும் கார்ப்பரேட்டரை அமைத்தார். அதே ஆண்டில் ஹங்கேரியைச் சேர்ந்த பாங்கி, சோங்கா என்னும் இருவரும் அத்தகைய ஒன்றை உருவாக்கினர். குழலின் குறுகிய கழுத்தில் காற்று விரையும், அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சலில் பெட்ரோல் நுண் துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்கும். கழுத்துக்கு அப்பால் பட்டாம்பூச்சி வால்வு. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது உண்மையில் அவர் பெட்ரோலைத் திறப்பதில்லை. காற்றுக் கதவைத் திறக்கிறார். காற்று, தனக்கு வேண்டிய பெட்ரோலைத் தானே இழுத்துக்கொள்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்ப்பரேட்டரின் கழுத்து குறுகலாக இருப்பது குறையன்று. அது குறுகலாக இருப்பதால்தான் வேலை செய்கிறது.

கரி வாயு ஓட்டிய பஸ்கள்

எஞ்சினின் காற்றுப் பாதையைத் தமிழ்நாட்டு ஒர்க்ஷாப்கள் பெரிய அளவில் மாற்றியமைக்க நேர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசம் போயிற்று. அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. இருந்த பெட்ரோலில் பெரும்பகுதி படைகளுக்குப் போக, பஸ்களுக்கும் லாரிகளுக்கும் கிடைத்தது சொற்பம்.

அப்போது உதவிக்கு வந்தது அடுப்புக் கரி. நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார், 1912-இல் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கியவர். போர்க்காலத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க அவருடைய நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்னும் கரி வாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தது. பஸ்ஸின் பின்புறம் உயரமான இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் கரியைக் கொட்டித் தீ மூட்டி, கிளீனர் கைப்பிடியால் காற்றாடியைச் சுற்றுவார். கரி கனன்ற பிறகே பஸ் புறப்படும். நம் முதியோர் பலர் 'கரி பஸ்' என்று நினைவு கூர்வது இதைத்தான்.

கரியிலிருந்து வாயு எப்படி வருகிறது? கனலும் கரியின் வழியே போதுமான அளவுக்குச் சற்றுக் குறைவாகவே காற்றை விடுகிறார்கள். முதலில் கரியும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன்-டை-ஆக்சைடு உண்டாகிறது. அது மேலும் கனலும் கரியின் ஊடே செல்லும்போது கார்பன்-மோனாக்சைடாக மாறுகிறது. ஈரம் இருந்தால் கொஞ்சம் ஹைட்ரஜனும் பிறக்கும். இவ்விரண்டும் எரியும் வாயுக்கள். ஆனால் காற்றோடு வந்த நைட்ரஜன் மாறாமல் அப்படியே தங்கிவிடுகிறது. கரி வாயுவில் பாதிக்கு மேல் இந்த எரியாத நைட்ரஜனே.

விளைவை எண்களில் காணலாம். ஒரு கன மீட்டர் பெட்ரோல்-காற்றுக் கலவை எரிந்தால் சுமார் 3.8 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அதே அளவு கரி வாயு-காற்றுக் கலவை தருவதோ சுமார் 2.5 மெகாஜூல். உருளையின் கொள்ளளவு மாறவில்லை. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் சக்திதான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கரிப்படுகை, குளிர்விக்கும் குழாய், சாம்பல் வடிகட்டி ஆகிய அனைத்தின் வழியாகவும் எஞ்சின் தானே வாயுவை இழுக்க வேண்டியிருந்ததால் மேலும் சக்தி இழந்தது. நடைமுறையில் வலிமை ஏறத்தாழப் பாதியாகக்கூடக் குறைந்ததுண்டு. மேடு வந்தால் பஸ் திணறியதன் காரணம் இதுதான்.

உலகெங்கும் கரி வாயு, விறகு வாயுவில் வண்டி ஓட்டியவர்கள் இந்த இழப்பை ஈடுசெய்யப் பல வழிகளைக் கண்டனர். சுவீடனில் மட்டும் அந்நாளில் சுமார் 70,000 வண்டிகள் இவ்வாறு ஓடின. அவர்கள் செய்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். முதலாவதாக, வாயுவைக் குளிரச் செய்தார்கள்; குளிர்ந்த வாயு அடர்ந்திருப்பதால் ஒரே மூச்சில் கூடுதலாக நுழையும். அடுத்து, வடிகட்டியை நாள்தோறும் சுத்தம் செய்தார்கள். பிறகு, பெட்ரோலை ஆவியாக்குவதற்காகச் சூடேற்றப்படும் உள்மூச்சுக் குழாயை, சூடேறாத அகலமான குழாயாக மாற்றினார்கள். கரி வாயு எளிதில் தானாக வெடிக்காது என்பதால் உருளையின் அழுத்த விகிதத்தை உயர்த்தினார்கள். அது மெதுவாக எரிவதால் தீப்பொறியை முன்கூட்டியே விழச் செய்தார்கள். காற்றையும் வாயுவையும் ஏறக்குறையச் சம அளவில் கலப்பதற்குத் தனி வால்வு ஒன்றையும் வைத்தார்கள்.

இவர்கள் யாரும் முதல் வேலையாகப் பட்டாம்பூச்சி வால்வில் அரத்தை வைக்கவில்லை. எங்கே மூச்சு முட்டுகிறது என்று தேடி, அந்த இடத்தில் கை வைத்தார்கள்.

அந்த வாயுவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கார்பன்-மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது குழாய்களில் உறிஞ்சல் இருப்பதால் வெடிப்பு இருந்தாலும் வெளிக்காற்றுதான் உள்ளே போகும். வண்டியை நிறுத்திய பிறகும், காற்றாடியைச் சுற்றித் தீ மூட்டும்போதும்தான் வாயு வெளியே கசியும். மூடிய கொட்டகையில் அது ஆளைக் கொல்லும். எஞ்சினுக்கு மூச்சுக் கொடுத்த வாயு மனிதரின் மூச்சை நிறுத்தவும் வல்லது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரிக்கலன்கள் மெல்ல மறைந்ததில் வியப்பில்லை.

சோழவரத்தில் கற்ற பாடம்

போர் விட்டுச் சென்ற இன்னொரு சொத்து சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. வெளிநாட்டுக் கார்களை எளிதில் இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. ஆகவே பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர் போன்ற சாதாரணக் கார்களே உள்ளூர் ஒர்க்ஷாப்களில் மாற்றியமைக்கப்பட்டு ஓடின. கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்தே 'பார்முலா மாருதி' என்னும் ஓரிருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார்.

பந்தய எஞ்சினைத் திருத்துவோர் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுவார்கள். காற்று போகும் பாதை நீளமானது: வடிகட்டி, கார்ப்பரேட்டர், உள்மூச்சுக் குழாய், சிலிண்டர் ஹெட்டிலுள்ள வளைந்த வழி, வால்வு, பிறகு எரிந்த புகை வெளியேறும் வழி. இவற்றுள் மிகக் குறுகிய இடம் பெரும்பாலும் வால்வும் அதை ஒட்டிய வளைவுமே. ஆகவே அங்கிருந்துதான் வேலை தொடங்கும். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாப்ட், தடையின்றிப் புகையை விடும் குழாய் ஆகியவை அடுத்து வரும். இவையெல்லாம் மாறி, எஞ்சின் உண்மையிலேயே கூடுதல் காற்றைக் கேட்கும்போதுதான் பெரிய கார்ப்பரேட்டர் தேவைப்படும். அணைக்கட்டில் இருக்கும் மதகு சிறிதாக இருக்க, வாய்க்காலின் முனையை மட்டும் அகலமாக வெட்டினால் வயலுக்குத் தண்ணீர் கூடிவிடாது அல்லவா?

கணக்கிட்டுப் பார்ப்போம்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பென்சிலும் தாளும் இருந்தால் நீங்களே இதைச் சரிபார்க்கலாம்.

பழைய அம்பாசடர் காரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சினாதலால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழுக் கொள்ளளவையும் உள்ளிழுக்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் 2,978 லிட்டர். உருளைகள் 80 சதவீதமே நிரம்புவதாக வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 2,400 லிட்டர். அதாவது வினாடிக்கு 40 லிட்டர். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். ஆக, இந்த ஓர் எஞ்சின் 300 பேருக்குச் சமமாக மூச்சு விடுகிறது.

அந்தக் காற்று 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலின் வழியே போவதாகக் கொள்வோம். குழலின் வாய்ப் பரப்பு எட்டு சதுர சென்டிமீட்டர். காற்றின் வேகம் வினாடிக்கு 50 மீட்டர். புயல் காற்றின் வேகம். இந்த வேகத்தை உண்டாக்கச் செலவாகும் அழுத்தம் சுமார் 1,500 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். எனவே அந்தச் செலவு முழுவதும் வீணாவதாகவே வைத்துக்கொண்டாலும் இழப்பு 1.5 சதவீதம்தான்.

குழலை 36 மில்லிமீட்டராகக் குடைந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 27 சதவீதம் கூடுகிறது. காற்றின் வேகம் 39 மீட்டராகக் குறைகிறது, இழப்பு 0.9 சதவீதமாகிறது. மிச்சம் 0.6 சதவீதம். 50 குதிரைத்திறன் எஞ்சினில் இது மூன்றில் ஒரு குதிரைத்திறன்கூட இல்லை. அதுவும் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து உச்ச வேகத்தில் ஓட்டினால் மட்டுமே. கடைவீதியில் கால்வாசி மிதித்து ஓட்டும்போது பட்டாம்பூச்சி வால்வு பெரும்பகுதி மூடியே இருக்கிறது. மூடிய கதவின் நிலைச்சட்டத்தை அகலமாக்கி யாருக்கு என்ன பயன்?

வேறு வழியிலும் இதை உறுதி செய்துகொள்ளலாம். 1990-களின் பிற்பகுதியில் உலக ராலி போட்டிகளில் ஓடிய டர்போ கார்களின் வலிமையைக் கட்டுப்படுத்த, காற்று வழியில் 34 மில்லிமீட்டர் துளையுள்ள தடுப்பைப் பொருத்த வேண்டும் என்பது விதி. அந்த ஒரே துளையின் வழியே மூச்சு விட்டுக்கொண்டே அவை ஏறத்தாழ 300 குதிரைத்திறனைத் தந்தன. அப்படியிருக்க, ஏறக்குறைய அதே அளவு வாய் உள்ள 50 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அங்கே மூச்சு முட்டுவதாகச் சொல்வது பொருந்தாது.

ஆனால் குழலைப் பெரிதாக்கியவர்கள் கார் துள்ளி ஓடுகிறது என்று சத்தியம் செய்கிறார்களே? அதில் பொய் இல்லை, உணர்வில் பிழை. பெரிய வாயில், மிதியைச் சற்றே அழுத்தினாலும் முன்பைவிட அதிகக் காற்றை விடுகிறது. பாதி மிதித்துப் பெற்றதைக் கால்வாசி மிதித்தே பெறுகிறார்கள். முடிவில் கிடைக்கும் மொத்த வலிமை மாறவில்லை. மிதியின் கணக்குத்தான் மாறியிருக்கிறது.

அரம் செய்யும் தீங்கு

பயன் இல்லையென்றாலும் தீங்கும் இல்லையே என்று சிலர் கேட்கலாம். தீங்கு உண்டு.

பட்டாம்பூச்சித் தகடு குழலோடு நூலிழை இடைவெளியில் பொருந்தியிருக்க வேண்டும். கையால் தேய்த்தால் வட்டம் கெடும். தகடு சரியாக மூடாமல், நின்ற நிலையிலும் எஞ்சின் இரையும். காற்றுத் தடை குறையட்டும் என்று அச்சை ராவி மெலிதாக்குவோரும் உண்டு. எஞ்சினின் ஓயாத அதிர்வில் அந்த அச்சு முறியலாம். தகட்டைப் பிடித்திருக்கும் சிறு திருகு கழன்று உருளைக்குள் விழலாம். சீவிய அலுமினியத் துகள் உள்ளே போனால் பிஸ்டனின் சுவரைக் கீறும். எல்லாவற்றையும்விட மோசமானது, தகடு திறந்த நிலையில் சிக்கிக்கொள்வது. காலை எடுத்த பிறகும் கார் நிற்காது. பாளையங்கோட்டைச் சாலையில் அது நிகழ்ந்தால், ஆபத்து ஓட்டுநருக்கு மட்டுமன்று. முன்னால் சைக்கிளில் போகிறவருக்கும்தான்.

இன்றைய கார்களில் கார்ப்பரேட்டர் இல்லை. உள்ளே வரும் காற்றைக் கருவி அளக்க, கணினி பெட்ரோலைத் தூவுகிறது. பட்டாம்பூச்சித் தகட்டையும் பெரும்பாலும் மின் மோட்டாரே திருப்புகிறது. தகட்டின் மூடிய நிலை, காற்றின் அளவு ஆகியவை கணினிக்குக் கற்றுத்தரப்பட்டவை. குழலின் அளவை நாம் மாற்றினால் அந்தப் பாடம் தவறாகிவிடுகிறது. அது மட்டுமன்று, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் அதை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் கூறுகிறது.

வீட்டிலேயே செய்யத்தக்க வேலை எதுவும் இல்லையா? உண்டு, ஆனால் அது அரத்தின் வேலையன்று, துணியின் வேலை. நாள்பட ஓடிய எஞ்சினில் தகட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படியும். அதற்குரிய திரவத்தை மென்மையான துணியில் நனைத்துத் துடைத்தால் எஞ்சின் சீராக நிற்கும். மின் மோட்டார் உள்ள தகட்டை விரலால் தள்ளித் திறக்கக் கூடாது, பற்சக்கரம் கெடும். உப்பங்காற்றும் புழுதியும் நிறைந்த ஊர்களில் காற்று வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றினாலே பல கார்கள் இழந்த மூச்சைத் திரும்பப் பெற்றுவிடும். கரி பஸ்காரர்கள் நாள்தோறும் வடிகட்டியைத் துடைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

கதவே இல்லாத எஞ்சின்கள்

நெரிக்கும் கதவு இல்லாமலே எஞ்சின் ஓட முடியுமா? தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் வரிசையாக நிற்கும் விசைப்படகுகளைப் பாருங்கள். அவற்றில் உள்ளவை டீசல் எஞ்சின்கள். 1892-இல் ருடால்ப் டீசல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த வகை எஞ்சின், ஒவ்வொரு மூச்சிலும் காற்றை முழுமையாகவே இழுக்கும். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் எண்ணெயின் அளவை மட்டும் மாற்றினால் போதும். நெரித்த கழுத்தின் வழியே காற்றை இழுக்கும் வீண் உழைப்பு இல்லாததும், டீசல் சிக்கனமாக ஓடுவதற்கு ஒரு காரணம். பெட்ரோல் எஞ்சினிலும் உள்வால்வு திறக்கும் உயரத்தையே மாற்றி வேகத்தை ஆளும் முறை 2001-இல் விற்பனைக்கு வந்தது. வாட் பொருத்திய கதவு அங்கே பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது.

2025 ஆகஸ்ட் 4-ஆம் நாள் தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் வியட்நாம் நாட்டு நிறுவனமான வின்பாஸ்டின் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கிருந்து வெளிவருபவை மின்சாரக் கார்கள். அவற்றில் உருளையும் இல்லை, வால்வும் இல்லை, பட்டாம்பூச்சித் தகடும் இல்லை. மூச்சை அடக்கிக் கடலில் இறங்கியவர்களின் ஊரில், மூச்சே விடாத கார்கள் பிறக்கின்றன. அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் அது காற்றில் இல்லை, மின்கலத்தில் இருக்கிறது. நாளை அந்த எல்லையைத் தள்ளி வைக்க முயலும் இளைஞர்களும், எதையும் கழற்றுவதற்கு முன் எங்கே முட்டுகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.